ரிமோட் சத்தம் கேட்டாலே எச்சில் ஒழுகுது: மணியை வால்பாறைக்கு எப்படிக் கூட்டிப்போவது?

கேள்வி: எங்கள் மணி நாட்டு நாய். 14 மாதம், 18 கிலோ. 50 நாள் குட்டியாக இருந்தபோது அட்டைப்பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுவந்தோம், வழியெல்லாம் வாந்தி. அதற்குப் பிறகு காரில் போனதெல்லாம் தடுப்பூசிக்குத்தான். இப்போது கார் சாவி ரிமோட் ‘பீக்’ என்றாலே எச்சில் ஒழுக ஆரம்பித்துவிடுகிறது, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறான். தூக்கி ஏற்றினால் நடுக்கம், பத்தே நிமிடத்தில் வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று, நாம் போடும் அவோமின் மாத்திரையில் பாதியைக் கிளம்பும் நேரத்தில் கொடுத்தோம். தூங்கி வழிந்தான், ஆனாலும் வாந்தி நிற்கவில்லை. என் கணவருக்கு வால்பாறை எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் 7 வாரத்தில் கோவையிலிருந்து குடிபோகிறோம். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் எங்களுக்கே வயிற்றைப் புரட்டுகிறது. ஒரு தூக்க ஊசி போட்டுக் கொண்டுபோய்விடலாமா என்று கணவர் கேட்கிறார். எங்களுடையது சின்ன கார். மணியைப் பின்னால் டிக்கியில்தான் ஏற்றுவோம்.

பதில்: தூக்க ஊசி வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 7 வாரம் கையில் இருக்கிறது. மணிக்கு அது போதும், ஆனால் இன்றே ஆரம்பிக்க வேண்டும்.

மணிக்கு இருப்பது இரண்டு தொந்தரவுகள். ஒன்று குமட்டல், இன்னொன்று பயம். உடல் ஆடுவதைக் காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ காருக்குள் எதுவும் நகரவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வாந்தி வருகிறது. குட்டிகளுக்கு அந்த உறுப்பு முழுதாக முதிர்ந்திருக்காது, அதனால் வாந்தி அதிகம். ஒரு வயது வாக்கில் பல நாய்களுக்கு அது தானாகவே நின்றுவிடும். மணிக்கு நிற்காததற்குக் காரணம், அதற்குள் பயம் சேர்ந்துகொண்டதுதான். ‘கார் என்றால் வயிறு புரளும், போய் இறங்கினால் ஊசி குத்துவார்கள்’ என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில் நாய்கள் சோறு வரும் என்று எச்சில் ஊறின, மணி வாந்தி வரும் என்று ஊறுகிறான். வாந்தியோடு வரும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காப்பாற்ற உடல் முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு அது.

எது எப்போது தலைகாட்டுகிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கார் நகர்வதற்கு முன்பே நடுக்கம், ஒளிதல், மூச்சிரைப்பு என்றால் அது பயம். ஏறும்போது சாதாரணமாக இருந்து, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் நாக்கு நுனியால் மூக்கை நக்குவது, அடிக்கடி கொட்டாவி, வெறும் வாயில் விழுங்குவது, வாயோரத்தில் நூலாகத் தொங்கும் எச்சில் என்றால் அது குமட்டல். மணிக்கு இரண்டும் இருக்கிறது. குமட்டலை அடக்காமல் பயத்தைப் போக்க முடியாது. நீங்கள் பத்து நாள் பாடுபட்டுக் காரோடு பழக்கினாலும், ஒரே ஒரு வாந்திப் பயணம் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

எனவே முதலில் மருத்துவரைப் பாருங்கள், ஆனால் காரில் வேண்டாம். நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் நடத்திக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வரும் மருத்துவரை அழையுங்கள். காதுக்குள் சீழோ நாற்றமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், காது நோய் இருந்தால் சமநிலை கெட்டு வாந்தி கூடும். இடுப்பு, முழங்கால் வலியையும் பார்க்கச் சொல்லுங்கள். குதித்து ஏறும்போது வலித்தால் அதுவே காரை வெறுக்கப் போதும்.

பயண வாந்திக்கு நாய்களுக்கென்றே இருக்கும் மருந்து மாரோபிடன்ட். மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது, தூக்கத்தை வரவழைத்து அல்ல. இதில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. சாதாரண வாந்திக்கு வாய்வழி அளவு ஒரு கிலோ எடைக்கு 2 மி.கி.; பயண வாந்திக்கு 8 மி.கி. மணியின் 18 கிலோவுக்கு முதல் கணக்கில் 36 மி.கி., இரண்டாவதில் 144. முதல் அளவைக் கொடுத்துவிட்டு ‘இந்த மாத்திரை வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். எனவே ‘கார் பயணத்துக்கு’ என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். இந்தப் பெரிய அளவைத் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஈரல் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவை மாற்றுவார், அல்லது இந்த மருந்தையே தவிர்ப்பார். 4 மாதம் நிரம்பாத குட்டிகளுக்கு இந்த அளவு கிடையாது. கிளம்புவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மாத்திரையே வாந்தியாக வரக்கூடும். பெரிய சாப்பாட்டோடு கொடுத்தால் மருந்து ஏற நேரமாகும்.

மாரோபிடன்ட் வாந்தியை நன்றாக நிறுத்தும். குமட்டல் உணர்வை அந்த அளவுக்கு முழுதாக நிறுத்துவதில்லை. எச்சில் கொஞ்சம் ஒழுகினால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அவோமினைப் பற்றி: அது ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்தது. சில நாய்களுக்குக் கொஞ்சம் கேட்கும், பலவற்றுக்குத் தூக்கம்தான் மிச்சம். அதுவும் கிளம்பும் நேரத்தில் கொடுத்தால் மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் குமட்டல் முந்திக்கொள்ளும். மனிதர் மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலும் இபுபுரூபனும் நாய்க்கு நஞ்சாகும்.

இப்போது தூக்க ஊசி. இங்கே பெரும்பாலும் போடப்படுவது ஏசிபுரோமசின் வகை. அது உடலை அடக்கும், பயத்தை அந்த அளவுக்கு அடக்காது. நாய் அசையாமல் படுத்திருக்கும், உள்ளே பயந்துகொண்டுதான் இருக்கும். சிலவற்றுக்குச் சத்தம் இன்னும் தூக்கலாகக் கேட்கும். ரத்த அழுத்தம் குறையும், உடல் சூட்டைச் சரிப்படுத்தும் திறனும் குறையும். வெயில் நாளில் காருக்குள் அது ஆபத்து. மயக்கத்தில் இருக்கும் நாய் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகவும் வாய்ப்புண்டு. பயத்துக்கு மருந்து தேவைப்பட்டால் ட்ராசடோன், காபபென்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். கிளம்பும் நாளில்தான் முதல்முறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன்பே ஒரு விடுமுறை நாளில் வீட்டில் கொடுத்துப் பாருங்கள். சில நாய்கள் அமைதியாவதற்குப் பதில் தலைதெறிக்கச் சுற்றும், அது வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிட வேண்டும். இன்னொன்று, உண்ணிக்கு அமிட்ராஸ் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்களா? நாட்டு நாய்க்கு வீட்டில் செய்யும் சாதாரண வேலை இது, மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. ஆனால் அமிட்ராஸும் ட்ராசடோனும் சேரக் கூடாதவை. கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து என எது போட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காரில் இடம். டிக்கியை விட்டுவிடுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பகுதிதான் வளைவில் அதிகம் வீசி ஆடும். முன் சீட்டும் கூடாது, ஏர்பேக் விரிந்தால் நாய்க்கு அடி. மணிக்கு ஏற்ற இடம் பின் சீட்டின் நடுப்பகுதி. கால் வைக்கும் பள்ளத்தைப் பையோ தலையணையோ வைத்து நிரப்பி மட்டமாக்குங்கள். உங்கள் சீட் ரெக்சினா என்று பாருங்கள். ரெக்சினில் நாய்க்கு நகம் பிடிக்காது, ஒவ்வொரு வளைவிலும் வழுக்கி நான்கு காலையும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டத்தால் வரும் குமட்டலோடு இந்தத் தவிப்பும் சேரும். யோகா செய்யும் ரப்பர் பாயை விரித்து, அதன் மேல் மணி வீட்டில் படுக்கும் பழைய ஜமுக்காளத்தை, துவைக்காமல், போடுங்கள். அவன் வாசனை இருக்கட்டும்.

கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், திடீர் பிரேக்கில் கழுத்து இழுபடும். மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் மாட்டி, சீட் பெல்ட் கொக்கியில் செருகும் குட்டைப் பட்டையோடு இணையுங்கள். அவன் உட்காரவும் படுக்கவும் முடிகிற நீளம் போதும், சீட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுகிற நீளம் கூடாது. ஹார்னஸை இந்த வாரமே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். சாப்பிடும் நேரத்தில் 10 நிமிடம் போதும். பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு வெயில் திரை போட்டால், பாய்ந்து ஓடும் மரங்கள் கண்ணில் படாது, முன்பக்கம் மட்டும் தெரியும். அது குமட்டலைக் குறைக்கும். டாஷ்போர்டில் இருக்கும் வாசனை ஜெல்லைத் தூக்கி எறியுங்கள். நமக்கு மல்லிகையாக மணப்பது அவன் மூக்குக்குத் தலைவலி. பழைய வாந்தி வாடை இருக்கும் இடத்தில் பேக்கிங் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பினாயில் வேண்டாம்.

இனி பயிற்சி. இதில்தான் எல்லாம் இருக்கிறது, அவசரப்பட்டுக் கெடுப்பதும் இங்கேதான். தோல், எலும்பு, உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி அல்லது ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது இனி காருக்கு மட்டும். வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று நாள் காரையே மறந்துவிடுங்கள், ரிமோட்டைத்தான் பார்க்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் காரை ‘பீக்’ செய்யுங்கள். ஒரு நொடிக்குள் ஒரு துண்டுக் கறி. எங்கும் போக வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம். நாளைக்கு 10 முறை, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. ‘பீக்’ கேட்டதும் கட்டிலைப் பார்க்காமல் உங்கள் கையைப் பார்த்தால் முதல் படி முடிந்தது. அதற்கு நான்கைந்து நாளானாலும் பரவாயில்லை.

அடுத்து, இன்ஜின் ஓடாத, நான்கு கதவும் திறந்த கார். அவன் சாப்பாட்டுத் தட்டைக் காரிலிருந்து, அவன் தயங்காமல் நிற்கிற தூரத்தில் வையுங்கள். ஐந்து மீட்டர் என்றால் ஐந்து மீட்டர். வேளைக்கு ஒரு அடி நெருங்கிக்கொண்டே வாருங்கள். கதவுப்படி வரை வந்ததும் பின் சீட்டில் கறித் துண்டுகளைப் போட்டு, தானாக ஏறட்டும், தானாக இறங்கட்டும். தூக்கி ஏற்றாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்று தெரிந்த நாய்தான் ஏறத் துணியும். ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அவன் இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுங்கள்.

அவன் வாயைக் கவனித்தால் எல்லாம் தெரிந்துவிடும். மெதுவாக உதட்டால் கறியை வாங்கினால் நிம்மதியாக இருக்கிறான். பல் விரலில் படும்படி வெடுக்கென்று பறித்தால் பதற்றம் ஏறுகிறது. வாங்கிக் கீழே போட்டால், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டால், நீங்கள் ஒரு படி அதிகம் போய்விட்டீர்கள். அந்தப் படியோடு நிறுத்தி, அடுத்த முறை இரண்டு படி கீழே இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று தடவை தொடர்ந்து மெதுவாக வாங்கிய பிறகுதான் மேலே.

பிறகு வரும் படிகள்: ஒரு கதவை மூடித் திறப்பது, எல்லாக் கதவையும் மூடி ஒரு நிமிடம், பட்டையை மாட்டுவது. இன்ஜினை முதலில் அவன் வெளியே நிற்கும்போது ஓடவிடுங்கள், பிறகு உள்ளே இருக்கும்போது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாவியைத் திருகியதும் சீட் பெல்ட் எச்சரிக்கை கிணுகிணுக்கும், ரிவர்ஸ் போட்டால் பார்க்கிங் சென்சார் அலறும், சில கார்களில் ரிவர்ஸ் ஹாரன் பாட்டே பாடும். ‘இன்ஜினுக்குப் பயப்படுகிறான்’ என்று சொல்லப்படும் பல நாய்கள் உண்மையில் இவற்றுக்குத்தான் பயப்படுகின்றன. இந்தச் சத்தங்களைப் போனில் பதிவு செய்து, கூடத்தில் மெல்லிய ஒலியில் போட்டு, ரிமோட்டுக்குச் செய்ததையே செய்யுங்கள். வாசலில் காரை முன்பே திருப்பி நிறுத்திக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்கும் தேவையும் இருக்காது.

பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பயம் ஒரு உணர்ச்சி, பரிசு கொடுத்து வளர்க்கிற பழக்கம் அல்ல. அவன் வந்து ஒட்டினால் தடவிக்கொடுங்கள், அதட்டாதீர்கள்.

ஏறத்தாழ மூன்றாவது வார முடிவில் கார் நகரலாம். முதல் நாள் வாசலிலிருந்து பத்தடி, அவ்வளவுதான். பிறகு தெருமுனை வரை, பிறகு இரண்டு நிமிடம். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் மணியோடு இருக்க வேண்டும். தனியாக ஓட்டிக்கொண்டே கறி கொடுக்கப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டும் ஓட்டங்களை வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் மாரோபிடன்ட் கொடுங்கள். எத்தனை நாள் இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஓட்டங்களின் முடிவில் அவனுக்குப் பிடித்த ஏதாவது இருக்க வேண்டும்: ஒரு காலி மைதானம், வேறு தெருவில் ஒரு நடை. ஊசி கூடாது. ஐந்தாவது வாரத்தில் 10 நிமிடம், ஆறாவதில் கிணத்துக்கடவு பக்கம் 30 நிமிடம் என்று வந்தால் நல்ல முன்னேற்றம். இந்த 7 வாரத்துக்குள் தவிர்க்க முடியாத பயணம் வந்தால் ஆட்டோவில் கொண்டுபோங்கள். பாதிப் பயிற்சியில் கட்டாயப்படுத்திக் காரில் ஏற்றுவதுதான் எல்லாரும் சறுக்கும் இடம்.

குடிபோகும் நாளுக்கு வருவோம். வழி சுமார் 100 கி.மீ.; ஆழியாறு வரை ஏறக்குறைய சமவெளி, அதற்குப் பிறகுதான் வளைவுகள். முந்தைய இரவு 8 மணிக்கு வழக்கமான சாப்பாடு. காலை 5 மணிக்கு இரண்டு தேக்கரண்டி சோற்றில் மாத்திரை. 6 மணிக்கு அரை மணி நேர நடை, சிறுநீர், மலம் எல்லாம் முடியட்டும். 7 மணிக்குக் கிளம்புங்கள். தண்ணீரை நிறுத்தவே கூடாது. கிண்ணம் நிறைய வைக்காமல், நிற்கும் இடங்களில் நாலு வாய் கொடுங்கள். வீட்டுச் சாமான் லாரியில் போகட்டும், பின் சீட்டில் குக்கரையும் மூட்டையையும் மணியோடு அடுக்காதீர்கள்.

ஏ.சி. 23 டிகிரி அளவில், வெளிக்காற்று உள்ளே வரும்படி. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்கலாம், தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். பொள்ளாச்சியில் டிபன் சாப்பிட நிறுத்தினால் ஒருவர் மணியோடு காருக்கு வெளியே நிழலில் இருக்க வேண்டும். வெளியே 29 டிகிரி இருக்கும் நாளிலும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 40 டிகிரி ஆகிவிடும், அரை மணியில் 48. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. நாயின் இயல்பான சூடே 38 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நாக்கு செக்கச்செவேல் என்று சிவந்து, மூச்சிரைப்பு அடங்காமல், கால் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக் காற்றடிக்க வைத்து, அருகில் இருக்கும் மருத்துவரிடம் விரையுங்கள்.

ஆழியாற்றில் 15 நிமிடம் இறக்கி நடத்துங்கள். கதவைத் திறக்குமுன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணங்களில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறக்கிற அந்த நொடியில்தான். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கட்டும். சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். அங்கே அவனைக் கீழே இறக்காதீர்கள். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வரையாடுகள் சாலையோரத்திலேயே நிற்கும், நாயைக் கண்டால் மிரளும்.

ஏற்றத்தில் ஓட்டுநர்தான் பாதி மருந்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் மாறி மாறி அழுத்தாமல், ஒரே சீராகத் திருப்பச் சொல்லுங்கள். எண் பலகைகள் இருப்பதால் கணக்கு சுலபம்: பத்து வளைவுக்கு ஒருமுறை, அகலமான இடம் கிடைத்தால் ஒதுங்கி, இன்ஜினை அணைத்து, மூன்று நிமிடம் நில்லுங்கள். இறக்க வேண்டியதில்லை, ஆட்டம் நின்றாலே போதும். மூக்கை நக்கவும் வெறும் வாயில் விழுங்கவும் ஆரம்பித்தால் பத்து வரை காத்திருக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். மேலே ஏற ஏறக் கறித் துண்டுகளையும் நிறுத்திவிடுங்கள். அந்த நேரம் பயிற்சிக்கானது அல்ல. ஒரு பழைய துண்டு, கொஞ்சம் செய்தித்தாள், குப்பைப் பை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாந்தி வந்தாலும் பதறாமல், சத்தம் போடாமல் துடையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் அரை மணி கழித்துத் தண்ணீர், ஒரு மணி கழித்து வழக்கமான அளவில் கால் பங்கு சோறு. முதல் வாரம் காரில் ஏற்றாதீர்கள், ஆனால் நிற்கும் காரில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கறி போடுவதை விடாதீர்கள். அங்கே அட்டையும் உண்ணியும் அதிகம், நடை முடிந்ததும் விரலிடுக்கு, காது மடலைப் பாருங்கள். வால்பாறையில் சிறுத்தை வீட்டு வாசல் வரை வரும், நாய் அதற்குப் பிடித்த இரை. கோவையில் போல வராண்டாவில் கட்டிவைக்காமல், பொழுது சாய்ந்ததும் மணியை வீட்டுக்குள் எடுத்துக் கதவைத் தாழிட்டுவிடுங்கள்.